15 அங்குலப் பாதையின் காவலர்

இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில், ஐரிஷ் கடலைப் பார்த்தபடி அமைந்திருக்கும் சிற்றூர் ரேவன்கிளாஸ். அங்கிருந்து எஸ்க்டேல் என்னும் பள்ளத்தாக்கினூடாக, மலையடிவாரத்திலுள்ள டால்கார்த் வரை 7 மைல் நீளமான இரும்புப் பாதை ஒன்று செல்கிறது. அப்பாதையின் இரு தண்டவாளங்களுக்கும் இடையேயுள்ள அகலம் 15 அங்குலம். அதாவது ஒரு முழத்துக்கும் குறைவு. நிலக்கரி எரித்து, நீராவி கக்கி, ஊதல் ஒலித்து வரும் அதன் இயந்திரத்துக்கு அருகில் வளர்ந்த மனிதர் ஒருவர் நின்றால், அவர் அதன் புகைபோக்கியைக் குனிந்தே நோக்கவேண்டும்.

இதனை முதன்முறை காண்போர், குழந்தைகளை மகிழ்விப்பதற்காகச் செய்த விளையாட்டுப் பொருள் என்றே எண்ணுவர். ஆனால், குளிர்காலத்துக் காலைப்பொழுதில் அப்பாதையோரம் நடந்து செல்பவர் அவ்வாறு எண்ணமாட்டார். வண்டிகள் ஓடாத அந்நாட்களில், கையில் அலவாங்கும் மண்வெட்டியும் ஏந்திய மனிதர் சிலர் ஈரத்தில் முழந்தாளிட்டுத் தண்டவாளத்தின் அடியிலுள்ள கற்களைக் குத்தி இறுக்கிக்கொண்டிருப்பர். அவர்களுள் ஓய்வுபெற்ற பொறியியலாளரும் இருப்பர். பாடசாலை ஆசிரியரும் இருப்பர். வாரம் முழுவதும் கந்தோரில் கணக்கெழுதிவிட்டு விடுமுறை நாளில் வந்தவரும் இருப்பர். அவர்களுக்குக் கூலி கிடையாது. அவர்கள் தொண்டர்.

கூலியின்றி ஒருவர் இவ்வளவு பாடுபடுவது எதற்காக? சிறு பாதைக்கு இத்துணைக் கவனம் வேண்டுமா? இவ்விரு வினாக்களுக்கும் விடை ஒன்றே. பாதை சிறியது, ஆயின் அதில் ஏறுபவர் சிறியவர் அல்லர். பொம்மை வண்டியில் பொம்மை மனிதர் செல்வர். இந்த வண்டியிலோ தாயும் தந்தையும் மடியில் மழலையும் உண்மையாகவே அமர்ந்திருக்கின்றனர். அதுமட்டுமன்று, பாதை சிறிதாகுந்தோறும் பிழைக்கு இடமும் சிறிதாகிக்கொண்டே போகிறது.

இதனை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். இலங்கையின் பெரும் புகையிரதப் பாதை 5 அடி 6 அங்குல அகலமுடையது; அதாவது 66 அங்குலம். அப்பாதையில் ஒரு பக்கத்துத் தண்டவாளம் மழையினால் அரை அங்குலம் தாழ்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வண்டி 132க்கு 1 என்ற அளவில் சாயும். பயணிகள் அதனை உணராமலும் இருக்கலாம். அதே அரை அங்குலம் 15 அங்குலப் பாதையில் தாழுமாயின், வண்டி 30க்கு 1 என்ற அளவில் சாயும். நான்கு மடங்குக்கும் அதிகமான சாய்வு! மேலும், வண்டிகளின் அகலம் பாதையின் அகலத்தைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்டது. சிறிய பீடத்தின்மேல் பெரிய பெட்டியை வைத்ததுபோன்ற நிலை அது. பெரும் பாதையில் பொறுக்கத்தக்க குறை, சிறு பாதையில் பொறுக்கத்தகாததாகிவிடுகிறது.

இந்த 15 அங்குலம் என்ற அளவும் எவரோ விளையாட்டாகத் தேர்ந்ததன்று. இங்கிலாந்தின் டார்பிஷயர்ப் பகுதியில் வாழ்ந்த சேர் ஆர்தர் ஹேவுட் என்னும் செல்வர், பண்ணைகளிலும் பெருந்தோட்டங்களிலும் பொருள் ஏற்றிச் செல்ல எத்துணைக் குறுகிய பாதை போதும் என்று ஆராய்ந்தவர். முதலில் 9 அங்குலப் பாதை அமைத்துப் பார்த்தார். அதில் மனிதர் ஏறிச் செல்லத்தக்க உறுதி இருக்கவில்லை. பின்னர் 1874ஆம் ஆண்டில் 15 அங்குலப் பாதை அமைக்கத் தொடங்கினார். மனிதரும் பொருளும் பத்திரமாகச் செல்லத்தக்க மிகக் குறைந்த அகலம் அதுவே என்பது அவருடைய முடிவு. 1894ஆம் ஆண்டில் அவர் செய்த இயந்திரமொன்று, பின்னர் திருத்தியமைக்கப்பட்டு, 'ரிவர் இர்ட்' என்ற பெயருடன் எஸ்க்டேல் பாதைக்கே வந்து சேர்ந்தது.

எஸ்க்டேல் பாதையின் வரலாறும் அறியத்தக்கது. 1875ஆம் ஆண்டில் அது திறக்கப்பட்டபோது அதன் அகலம் 3 அடி. மலையிலே தோண்டிய இரும்புத் தாதைக் கடற்கரைக்குக் கொண்டுவருவதே அதன் வேலை. சுரங்கத் தொழில் நலிந்தது. பாதையும் நலிந்து 1913ஆம் ஆண்டில் மூடப்பட்டது. 1915ஆம் ஆண்டில், மாதிரி இயந்திரங்கள் செய்வதிற் புகழ்பெற்ற பாசட் லோக் என்பவரும் அவருடைய கூட்டாளியும் அப்பாதையை எடுத்து, 15 அங்குலத்துக்கு மாற்றியமைத்தனர். பின்னர் பள்ளத்தாக்கிலே கருங்கல் அகழும் தொழில் பாதைக்கு வருவாய் தந்தது. 1953ஆம் ஆண்டில் கற்குழிகளும் மூடப்பட்டன. கோடைகாலப் பயணிகளின் கட்டணம் ஒன்றே எஞ்சியது, அது போதவில்லை.

1960ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 7ஆம் நாள் அப்பாதை ஏலத்துக்கு வந்தது. முழுதாக வாங்குவார் இல்லையாயின், தண்டவாளம் வேறு, இயந்திரம் வேறு, பெட்டி வேறு என்று பிரித்து விற்பதாக ஏற்பாடு. அதன் பொருள், பழைய இரும்பாக அழிவது என்பதே. அவ்வாண்டிலேயே அன்பர் பலர் ஒன்றுகூடிப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றை அமைத்துப் பணம் திரட்டினர். அவர்கள் திரட்டியது மட்டும் போதவில்லை. பர்மிங்காம் நகரத்துப் பங்குத் தரகரான கொலின் கில்பெர்ட், பாராளுமன்ற உறுப்பினரான சேர் வேவல் வேக்பீல்ட் ஆகிய இருவரும் கைகொடுத்தனர். 12,000 பவுணுக்குப் பாதை காப்பாற்றப்பட்டது.

ஏலத்தில் வெல்வது ஒரு நாள் வேலை. பாதையைக் காப்பதோ ஒவ்வொரு நாளும் செய்யவேண்டிய வேலை. சம்பளம் பெறும் ஊழியர் சிலரே இருந்த அப்பாதைக்குத் தொண்டர்களின் கைகள் இன்றியமையாதவையாயின. 1966ஆம் ஆண்டில் சங்கத்தினர் தம் செலவில் 'ரிவர் மைட்' என்னும் புதிய நீராவி இயந்திரத்தையே செய்வித்து அளித்தனர். புதிய இயந்திரத்தைக் காண மக்கள் திரளுவர், படம் பிடிப்பர். ஆனால் அந்த இயந்திரம் ஓடவேண்டிய பாதையை எவரும் படம் பிடிப்பதில்லை. தொண்டர்களின் பெரும்பகுதி உழைப்பு, எவர் கண்ணிலும் படாத அந்தப் பாதையிலேயே செலவாகிறது.

பாதைப் பணி எத்தகையது? தண்டவாளம், அதனைத் தாங்கும் சிலிப்பர்க் கட்டை, கட்டையைத் தாங்கும் கருங்கற் சல்லி ஆகிய மூன்றும் சேர்ந்ததே பாதை. சல்லிக்கு மூன்று கடமைகள் உண்டு. வண்டியின் பாரத்தை நிலத்திற் பரவச் செய்தல் ஒன்று. கட்டைகள் நகராதவாறு பிடித்துக்கொள்ளல் மற்றொன்று. மழைநீரை வடியவிடல் பிறிதொன்று. இவற்றுள் மூன்றாவதே எஸ்க்டேலில் முதன்மை பெறுகிறது. இங்கிலாந்திலேயே மிகுந்த மழை பெய்யும் ஏரிமாவட்டத்தில் அப்பள்ளத்தாக்கு அமைந்திருக்கிறது. சல்லியின் இடைவெளிகளில் மண்ணும் இலைச்சருகும் புகுந்து அடைத்துக்கொண்டால், நீர் தேங்கும். தேங்கிய இடத்தில் நிலம் சேறாகும். சேறான இடத்தில் கட்டை அமிழும். ஆகவே, வடிகாலைத் துப்புரவு செய்வதும் களையைப் பிடுங்குவதும் பாதையின் உயிரைக் காக்கும் பணிகளேயாம்.

தாழ்ந்துபோன இடத்தைக் காண்பதற்குத் தேர்ந்த தொண்டர் ஒரு தண்டவாளத்தின்மேல் கண்ணை வைத்து நெடுக நோக்குவார். பழகிய கண்ணுக்குச் சிறு பள்ளமும் தப்பாது. பின்னர் நீர்மட்டத்தைக் குறுக்கே வைத்து, இரு பக்கமும் ஒத்திருக்கின்றனவா என்று சோதிப்பர். அளவுகோலால் அகலம் சரியாக 15 அங்குலம் உள்ளதா என்று பார்ப்பர். தாழ்ந்த இடத்தைத் தூக்கும் பொறியால் உயர்த்தி, கட்டையின் அடியிற் கற்களைச் செலுத்திக் குத்தி இறுக்குவர். ஒரு கட்டையை மட்டும் உயர்த்தினாற் போதாது. அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றையும் ஒத்த உயரத்துக்குக் கொண்டுவரவேண்டும். இல்லையேல் ஒரு பள்ளத்தை நீக்கி இரு பள்ளங்களை உண்டாக்கியதாக முடியும்.

வெயிலும் பாதைக்குப் பகையே. 30 அடி நீளமுள்ள உருக்குத் தண்டவாளத்தின் வெப்பம் 30 சதமபாகை உயருமாயின், அது ஓர் அங்குலத்தின் எட்டிலொரு பங்கு நீளும். இது அற்பமாகத் தோன்றலாம். 7 மைல் தூரத்துக்கும் கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 13 அடியாகிறது! இந்த நீட்சிக்கு இடமளிக்கவே இரு தண்டவாளங்கள் சேருமிடத்திற் சிறு இடைவெளி விடப்படுகிறது. அவ்விடைவெளி அடைபட்டுவிட்டாலோ, இணைப்புத் தகடுகள் துருவேறி இறுகிவிட்டாலோ, தண்டவாளம் நீள வழியின்றிப் பாம்புபோல் பக்கவாட்டில் நெளிந்துவிடும். எனவே தொண்டர் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, துருவைத் துடைத்து, எண்ணெயிட்டு, மரையாணியை மீண்டும் முடுக்குகின்றனர். நூற்றுக்கணக்கான இணைப்புகள், ஒவ்வொன்றுக்கும் அதே பொறுமை.

பாதை வண்டியைத் தாங்குகிறது. வண்டிகள் ஒன்றோடொன்று மோதாமற் காப்பது சமிக்ஞை. கைகாட்டி மரத்தின் கை குறுக்கே நீட்டியிருந்தால் 'நில்' என்பது பொருள். எக்குறை நேர்ந்தாலும் அக்கை 'நில்' என்ற நிலைக்கே திரும்பவேண்டும் என்பது சமிக்ஞை நூலின் முதல் விதி. இழுக்கும் கம்பி அறுந்தாலும், கையின் பாரமும் எதிர்ப்பாரமும் சேர்ந்து அதனைக் குறுக்கு நிலைக்கே கொண்டுவந்துவிடும். இந்த விதி மனித உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்ற விதியாகும். 1876ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், இங்கிலாந்தின் பெரும் பாதையொன்றில், அபொட்ஸ் ரிப்டன் என்னுமிடத்தில் பனி உறைந்து கைகாட்டியின் கையை 'செல்' என்ற நிலையிலேயே பற்றிக்கொண்டது. ஆபத்தை அறியாது வந்த வண்டி முன்னின்ற வண்டியோடு மோத, பலர் மாண்டனர். அதன் பின்னரே கைகாட்டியின் அமைப்பிலும், அதைக் கையாளும் முறையிலும் மாற்றங்கள் வந்தன. சிறு பாதையோரத்தில் ஏணியில் ஏறி நின்று கைகாட்டியின் சுழலச்சைத் துடைத்து எண்ணெயிடும் தொண்டர், அந்தப் பழைய பாடத்தையே கையினாற் கற்கிறார்.

பாதை பிரியும் இடங்களில் மற்றொரு காவல் உண்டு. கைகாட்டியை இயக்கும் நெம்புகோலும், பாதையை மாற்றும் நெம்புகோலும் ஒன்றையொன்று பூட்டுமாறு இணைக்கப்பட்டிருக்கும். பாதை சரியாக அமைந்து பூட்டப்பட்டாலன்றி, 'செல்' என்று கைகாட்ட இயலாது. நாக்குப்போன்று நகரும் தண்டவாளத்துக்கும் நிலையான தண்டவாளத்துக்கும் இடையே ஒரு சிறு கல் அகப்பட்டாலும் பூட்டு விழாது, கைகாட்டியும் இறங்காது. அப்போது சமிக்ஞைக்காரர் பலத்தை உபயோகிப்பதில்லை; இறங்கிச் சென்று பார்க்கிறார். மின்சாரத்தைத் தண்டவாளத்தினூடாகச் செலுத்தி, வண்டி எங்கே நிற்கிறது என்பதைத் தானாகவே அறியும் முறையும் உண்டு. வண்டியின் சில்லுகளும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைக்க, மின்னோட்டம் குறுக்கு வழியிற் சென்றுவிடும். உடனே சமிக்ஞை 'நில்' என்று மாறும். மின்கலம் வலுவிழந்தாலும், கம்பி அறுந்தாலும் அதே 'நில்' தான். துருவும் இலைப்பசையும் தண்டவாளத்தின் மேற்பரப்பை மூடினால் இம்முறை ஏமாறக்கூடும். ஆகவே மேற்பரப்பைப் பளபளப்பாக வைத்திருப்பது அழகுக்காக அன்று.

எஸ்க்டேல் பாதை பெரும்பாலும் ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் வண்டிகள் விலகிச் செல்ல மைட்சைட், இர்ட்டன் ரோட், பிஷர்கிரவுண்ட் ஆகிய மூன்று இடங்களில் இரட்டைப் பாதை உண்டு. ஒற்றைப் பாதையில் ஒரே வேளையில் ஒரு வண்டிக்கே உரிமை இருக்கவேண்டும். இலங்கையிலே நிலைய அதிபர் வளையத்தில் வைத்துச் சாரதியிடம் கொடுத்துவந்த தகட்டை நேயர்கள் பலர் கண்டிருப்பர். அத்தகடு கையில் இல்லாத சாரதி அடுத்த நிலையத்துக்குச் செல்லலாகாது. அதே காவலை, 1970களில் எஸ்க்டேல் பாதையினர் வானொலியினால் அமைத்துக்கொண்டனர். சாரதி விலகுமிடத்தை அடைந்ததும், ரேவன்கிளாசிலுள்ள கட்டுப்பாட்டாளருக்கு வானொலி மூலம் அறிவிக்கிறார். கட்டுப்பாட்டாளர் வண்டிகளின் நிலையை வரைபடத்திற் குறித்து, அடுத்த விலகுமிடம்வரை செல்ல அனுமதி கூறுகிறார். சாரதி அந்த அனுமதியைத் திருப்பிச் சொல்லவேண்டும். அவ்வாறு திருப்பிச் சொல்வது சடங்கன்று. கேட்டது ஒன்று, விளங்கிக்கொண்டது மற்றொன்று என்ற நிலை நேராதிருக்கவே அவ்வழக்கம்.

இவ்வளவு கவனமும் மிகையோ என்று ஐயுறுவோருக்கு, இங்கிலாந்தின் தென்கிழக்கே கென்ட் மாகாணத்திலுள்ள மற்றொரு 15 அங்குலப் பாதை விடை தரும். ரோம்னி, ஹைத், டிம்சர்ச் என்ற மூன்று ஊர்களின் பெயரையும் தாங்கிய அப்பாதை 1927ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது; மறு ஆண்டில் டஞ்சினெஸ் முனைவரை நீண்டு 13½ மைல் நீளம் பெற்றது. மணிக்கு 25 மைல் வேகம்வரை அதில் வண்டிகள் ஓடுகின்றன. அங்கே 1967ஆம் ஆண்டிலிருந்து அன்பர் சங்கமொன்று தொண்டர்களை அளித்துவருகிறது. 1977ஆம் ஆண்டு தொடக்கம் 2015ஆம் ஆண்டுவரை, அப்பாதை அவ்வூர்ப் பிள்ளைகளைப் பாடசாலைக்கும் ஏற்றிச் சென்றது. அப்பிள்ளைகளுக்கு அது உல்லாசப் பயணமன்று. நாள்தோறும் செல்லும் வழி.

அப்பாதை பல மோட்டார் வீதிகளைக் குறுக்கே கடக்கிறது. 2003ஆம் ஆண்டிலும், மீண்டும் 2005ஆம் ஆண்டிலும், கடவையில் மோட்டார் வண்டியோடு மோதிப் புகையிரத இயந்திரம் கவிழ்ந்தது. இரு விபத்துகளிலும் இயந்திர சாரதி உயிரிழந்தார். பெரும் பாதையில் மோட்டார் வண்டி புகையிரதத்துக்கு அற்பம்; 15 அங்குலப் பாதையிலோ அவ்வாறன்று. சாரதியைக் காக்க அவர் முன்னே பேரியந்திரத்தின் பெரும்பாரம் இல்லை. அதன் பின்னர், கடவைகளில் வீதியை மறிக்கும் தடைக்கம்பங்களைப் பொருத்தும் பணி மேற்கொள்ளப்பட்டது. அத்தகைய கடவையில் எச்சரிக்கை விளக்கைச் சோதிப்பவரும், மின்கலத்தை மாற்றுபவரும், வளைவிலே பார்வையை மறைக்கும் செடியை வெட்டுபவரும் எதைக் காக்கின்றனர் என்பதை விளக்க வேறு சொல் வேண்டியதில்லை.

பிரித்தானியச் சட்டமும் இவ்வாறே கருதுகிறது. 350 மில்லிமீற்றர் அகலமோ அதற்கு மேலோ உள்ள பாதையை அது புகையிரதப் பாதை என்றே கொள்கிறது. 15 அங்குலம் என்பது 381 மில்லிமீற்றர். ஆகவே எஸ்க்டேலும் ரோம்னியும் பெரும் புகையிரதங்களைப் போன்றே பாதுகாப்புக்குப் பொறுப்புக் கூறவேண்டும். சம்பளம் பெறாதவர் செய்த வேலை என்று சொல்லி எவரும் தப்ப முடியாது.

இதனால் தொண்டர் என்பவர் விரும்பியபோது வந்து விரும்பியதைச் செய்பவர் அல்லர். விதிநூலைக் கற்று, தேர்ந்தவரிடம் பழகி, ஆற்றலைச் சோதனையில் மெய்ப்பித்த பின்னரே பொறுப்பான பணி அவருக்குக் கிட்டும். வண்டி வருகிறதா என்று பார்த்து எச்சரிக்க ஒருவரை நிறுத்தாமல் ஓடும் பாதையில் வேலை செய்யலாகாது. வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணவேண்டும். ஏனெனில் மறந்துவிட்ட ஓர் அலவாங்கு வண்டியைக் கவிழ்க்கப் போதும். செய்ததைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடவேண்டும். பிழை கண்டால் மறைக்காமற் சொல்லவேண்டும். ஆர்வம் ஒருவரைப் பாதையோரத்துக்குக் கொண்டுவரும். அங்கே அவரை நிலைநிறுத்துவது ஒழுங்கு.

இதிலே தொண்டர்க்கு என்ன பயன் என்றும் கேட்கலாம். கந்தோரில் ஒருவர் எழுதிய கடிதம் எங்கே சென்றது, என்ன ஆயிற்று என்பது அவருக்கே தெரியாமற் போகலாம். பாதையில் அவர் குத்தி இறுக்கிய கட்டையோ, மறுவாரம் வண்டி செல்லும்போது அசையாது நிற்பதை அவர் தம் கண்ணாற் காண்கிறார். முதியவர் தாம் அறிந்ததை இளைஞர் கையில் ஒப்படைக்கிறார். அவ்வாறு ஒப்படைக்க ஆள் இல்லாதொழியுமாயின், 1960ஆம் ஆண்டின் ஏலத்தில் தப்பிய பாதையை, ஏலம் எதுவுமின்றியே மழையும் துருவும் எடுத்துக்கொள்ளும்.

வசந்தகாலம் பிறக்கிறது. ரேவன்கிளாஸ் நிலையத்தில் ஊதல் ஒலிக்க, முதல் வண்டி புறப்படுகிறது. பெட்டியில் இருக்கும் குழந்தை மலையைக் காட்டிக் கைதட்டுகிறது. தாய் புகையைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். குளிர்காலத்தில் நீர் தேங்கிச் சேறாகியிருந்த இடத்தை வண்டி கடக்கிறது. அங்கே எவ்வித ஆட்டமும் இல்லை. தாங்கள் எதனைக் கடந்தோம் என்பதைப் பயணிகள் அறியார். அவர்கள் அறியாதிருப்பதே அத்தொண்டர் செய்த வேலை செவ்வையாக அமைந்ததற்குச் சான்றாகும்.